வீட்டுத்திட்டப் பணம்: எங்கிருந்து வருகிறது, எவ்வளவுக்குப் போதும்?

மீள்குடியேறிய கிராமங்களுக்கு எங்கள் உத்தியோகத்தர்கள் போகும்போது அநேகமாக முதலில் கேட்கப்படுவது, "எங்களுக்கு வீட்டுத்திட்டம் எப்ப வரும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் வீட்டுத்திட்டம் கிடைத்த குடும்பங்களைச் சந்தித்துப் பேசும்போது வேறொரு விடயம் தெரியவருகிறது. சிலர் சிறிய வீடொன்றைக் கட்டி முடித்து, கதவு பூட்டி, நிம்மதியாக இருக்கிறார்கள். சிலருடைய வீடு பெரியது. ஆனால் பூச்சு இல்லை, ஜன்னல் இல்லை, தாலிக்கொடி வங்கியில் அடகில் இருக்கிறது. இரு தரப்பினருக்கும் கிடைத்தது ஒரே தொகைதான்.

இந்த வேறுபாடு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம். அதற்கு, வீட்டுக்கான பணம் எந்தக் கொள்கையின்படி தரப்படுகிறது, யாருக்குத் தரப்படுகிறது, ஏன் கட்டம் கட்டமாகத் தரப்படுகிறது, அது எவ்வளவு பெரிய வீட்டுக்குப் போதுமானது ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தனியாக வாசிப்பவர்கள் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வீடு பற்றிய தீர்மானம் ஒருவர் மட்டும் எடுக்கக்கூடியதல்ல.

1. வீடு ஓர் உரிமையா, உதவியா?

இலங்கை அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லாப் பிரசைகளும் தமக்கும் தமது குடும்பத்துக்கும் போதிய உணவு, உடை, வீட்டு வசதி உட்பட்ட போதுமான வாழ்க்கைத்தரத்தை அடைவதை அரசின் குறிக்கோள்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அதே அத்தியாயத்தின் 29ஆம் உறுப்புரை, இக்குறிக்கோள்களைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது என்றும் சொல்லிவிடுகிறது. ஆகவே இது அரசு நோக்கி நடக்கவேண்டிய திசையே தவிர, நீங்கள் வழக்காடிப் பெறக்கூடிய ஒன்றல்ல.

சர்வதேச மட்டத்தில், பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1980ஆம் ஆண்டு இணைந்துகொண்டது. அதன் 11ஆவது உறுப்புரை போதிய வீட்டுக்கான உரிமையை ஏற்றுக்கொள்கிறது. 'போதிய வீடு' என்றால் என்ன என்பதை ஐக்கிய நாடுகளின் குழு 1991இல் விளக்கியது. நான்கு சுவரும் கூரையும் மட்டும் போதாது. காணி பற்றிய பாதுகாப்பு, தண்ணீர், மலசலகூடம் போன்ற வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வாழத்தக்க நிலை, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய தன்மை, தொழிலுக்கும் பாடசாலைக்கும் எட்டக்கூடிய இடம், மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற அமைப்பு என ஏழு விடயங்களை அக்குழு குறிப்பிட்டது. இவற்றுள் 'தாங்கக்கூடிய செலவு' என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு குடும்பம் சோற்றைக் குறைத்து வீட்டுக் கடன் கட்டவேண்டி வந்தால், அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் போதிய வீடு என்று கொள்ள முடியாது.

யுத்தத்தால் இடம்பெயர்ந்தோருக்கான நிலையான தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கை ஒன்றை அமைச்சரவை 2016 ஓகஸ்டில் அங்கீகரித்தது. சொந்த இடத்துக்குத் திரும்புவதா, இருக்கும் இடத்திலேயே தங்குவதா, வேறிடத்தில் குடியமர்வதா என்பதை உரிய தகவல்களை அறிந்து மக்களே தெரிவு செய்யவேண்டும் என்பது இத்தகைய கொள்கைகளின் அடிப்படை. கொள்கை எழுதப்பட்டுவிட்டால் பணம் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு வருடமும் வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது, வெளிநாடுகள் எவ்வளவு தருகின்றன என்பதைப் பொறுத்தே வீடுகளின் எண்ணிக்கை அமையும். உங்கள் பக்கத்துக் கிராமத்துக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்கும், ஒரு திட்டத்தில் கிடைத்த தொகை அடுத்த திட்டத்தில் மாறுவதற்கும் பல வேளைகளில் காரணம் இதுதான்.

2. 'நீங்களே கட்டுங்கள்' என்ற முறை எப்படி வந்தது?

இலங்கையில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அக்காலத்தில் ஆர். பிரேமதாசவின் பொறுப்பில் நடந்த ஒரு இலட்சம் வீடுகள் திட்டத்தில் பெருமளவு வேலையை அரசே முன்னின்று செய்தது. செலவு கூடிக்கொண்டே போனது. அதனால் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் அணுகுமுறை மாற்றப்பட்டது. அரசு வீடு கட்டிக்கொடுப்பதற்குப் பதிலாக, குடும்பங்களுக்குச் சிறிய கடன்களையும் ஆலோசனையையும் கொடுத்தது. எப்படிக் கட்டுவது, எப்போது கட்டுவது என்பதைக் குடும்பமே தீர்மானித்தது. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது. அந்த யோசனையை முன்வைத்த நாடும் இலங்கைதான். ஆனால் அதே வருடங்களில் வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் வீடுகளை அழித்துக்கொண்டிருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பிறகு இரண்டு முறைகளும் அருகருகே நடந்தன. கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று தடை வலயம் அறிவிக்கப்பட்டது. வலயத்துக்குள் வீடிழந்தவர்களுக்கு உதவி நிறுவனங்கள் வேறிடங்களில் வீடு கட்டிக்கொடுத்தன. வலயத்துக்கு வெளியே முற்றாக வீடிழந்தவர்களுக்கு 250,000 ரூபா நான்கு கட்டங்களாகவும், பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபா இரண்டு கட்டங்களாகவும் பணமாகக் கொடுக்கப்பட்டன. கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளுள் சில கடலை விட்டுத் தொலைவில் இருந்ததால் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே போய் வாழத் தயங்கின. பணமாகப் பெற்றவர்கள் தங்கள் காணியில், தங்கள் வசதிக்கேற்பக் கட்டினார்கள். ஆனால் பணம் போதாமல் திண்டாடியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

அக்காலத்திலேயே உலக வங்கியின் நிதியுடன் வடக்குக் கிழக்கு வீடமைப்பு மீள்கட்டுமானத் திட்டமும் நடைபெற்றது. அதில் ஒரு குடும்பத்துக்கு முதலில் 250,000 ரூபாவும், பின்னர் விலைவாசி ஏறியதால் 325,000 ரூபாவும் வழங்கப்பட்டன.

யுத்தம் முடிந்த பின் வந்தவற்றுள் மிகப் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். 50,000 வீடுகள் என்ற அறிவிப்பு 2010இல் வந்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்த நிறுவனமே கட்டியது. அதன்பின் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய பிரதான கட்டம், குடும்பங்களே கட்டும் முறைக்கு மாறியது. வடக்கு, கிழக்கில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபா வரையும் வழங்கப்பட்டன. யுஎன் ஹபிட்டாட், செஞ்சிலுவை அமைப்புகள், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, ஹபிட்டாட் ஃபோர் ஹியுமனிட்டி ஆகியவை வேலையை மேற்பார்வை செய்து உறுதிப்படுத்த, பணம் நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டங்களில் 4,000 வீடுகள் அமைப்பதும் இத்திட்டத்தின் ஒரு பகுதியே. 2016 அளவில் மீள்குடியேற்ற அமைச்சின் திட்டத்தில் தொகை 800,000 ரூபாவாக உயர்ந்தது.

இதற்கு மாறான யோசனை ஒன்றும் வந்தது. வடக்குக் கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை நிறுவ அரசு 2015, 2016 காலப்பகுதியில் திட்டமிட்டது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அந்தப் பணத்தில் இரண்டு கல் வீடுகள் கட்டலாம், எங்கள் வெயிலுக்கு உருக்குச் சுவர் சரிவராது, உள்ளூர் மேசன்மாருக்கும் தச்சர்களுக்கும் வேலை கிடைக்காது என்று மக்கள் பிரதிநிதிகளும் பொறியியலாளர்களும் எதிர்த்தார்கள். அந்த 65,000 வீடுகள் கட்டப்படவில்லை. வீட்டுக் கொள்கையில் மக்களின் குரலுக்கும் இடமுண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

இந்த வரலாற்றிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்: 'நீங்களே கட்டுங்கள்' என்று சொல்லும்போது அரசும் நிதி வழங்குவோரும் உங்களிடம் இரண்டு பொருட்களை ஒன்றாகத் தருகிறார்கள். ஒன்று தீர்மானிக்கும் அதிகாரம். மற்றது, கணக்குப் பிழைத்தால் வரும் சுமை. தொகை நிலையானது. மீதி உங்கள் பொறுப்பு.

3. தொகை எந்த அளவு வீட்டுக்கு?

வீட்டுத்திட்டத் தொகை ஓர் அடிப்படை வீட்டை மனதில் வைத்தே கணக்கிடப்படுகிறது. இரண்டு அறை, ஒரு விறாந்தை அல்லது மண்டபம், சமையலறை என்ற அளவில் அது இருக்கும். பின்னர் வசதி வரும்போது கூட்டிக் கட்டலாம் என்பது அதன் எண்ணம்.

விளங்கிக்கொள்ள இலகுவான ஒரு கணக்கைப் பார்ப்போம். 550,000 ரூபாவில் 550 சதுர அடி வீடு கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர அடிக்கு 1,000 ரூபா ஆகிறது. இப்போது ஒரு குடும்பம், "கட்டுறதைக் கொஞ்சம் பெரிசாக் கட்டுவம்" என்று 800 சதுர அடிக்கு அத்திவாரம் வெட்டுகிறது. கூடுதலாக 250 சதுர அடி. அதே விலைப்படி 250,000 ரூபா பற்றாக்குறை. இந்தப் பணத்தை வருடத்துக்கு 24 வீத வட்டிக்கு எடுத்தால் வட்டி மட்டும் வருடத்துக்கு 60,000 ரூபா, அதாவது மாதம் 5,000 ரூபா. முதல் அப்படியே இருக்கும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இன்றைய விலையில் எல்லா எண்களும் கூடியிருக்கும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

குடும்பங்கள் பெரிதாகக் கட்ட நினைப்பதற்குக் காரணம் பேராசை அல்ல. இருபது, முப்பது வருடம் தறப்பாளுக்குக் கீழேயும் உறவினர் வீட்டிலும் இருந்தவர்களுக்கு இழந்த வீட்டின் அளவு மனதில் இருக்கிறது. மகளுக்குச் சீதனமாக ஒரு வீடு கொடுக்கவேண்டும் என்ற கவலை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைப் போல, போகும்போது ஒன்றாக இருந்த குடும்பம் திரும்பும்போது மூன்றாக இருக்கிறது. காணியோ ஒன்றுதான். இவை உண்மையான தேவைகள். ஆனால் அத்தனை தேவையையும் ஒரே அத்திவாரத்தில் போட்டால், எதுவும் முடியாமல் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

எனவே எங்கள் ஆலோசனை: கூட்டிக் கட்டக்கூடிய விதத்தில் வரைபடத்தை அமையுங்கள். எந்தப் பக்கத்தில் பின்னர் ஓர் அறை வரும் என்பதை இப்போதே தீர்மானித்து, அந்தப் பக்கத்தில் ஜன்னலையோ கதவையோ வைக்க வேண்டிய இடத்தை மேசனுக்குச் சொல்லுங்கள். ஆனால் அத்திவாரத்தைக் கையில் உள்ள பணத்தின் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். கூரை போட்ட சிறிய வீட்டுக்குள் இருந்துகொண்டு பெரிய வீடு கட்டலாம். கூரையில்லாத பெரிய வீட்டுக்குள் இருக்க முடியாது.

4. கட்டம் கட்டமாக ஏன்?

பெரும்பாலான திட்டங்களில் பணம் ஒரேயடியாகத் தரப்படுவதில்லை. அத்திவாரம், சுவர், கூரை, முடிவு வேலை என்று ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து உறுதிப்படுத்திய பிறகே அடுத்த தொகை கணக்குக்கு வரும். பணம் வேறு செலவுக்குப் போகாமல் வீடாகவே மாறவேண்டும் என்பது இதன் நோக்கம்.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. முதலாவது, ஒரு கட்டத்தை முடிக்க முன்கூட்டியே செலவழிக்க வேண்டியிருக்கும். கடையில் கடன் சொல்லிச் சீமெந்தும் கம்பியும் எடுப்பார்கள். பார்வையிட வருவது பிந்தினால் கடைக்காரருக்குக் கொடுப்பது பிந்தும். அதனால், ஒரு கட்டம் முடிந்த அன்றே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்த திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காலம். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31ஆம் திகதி முடிகிறது. அந்த வருடத்துக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழிக்காவிட்டால் அந்த ஒதுக்கீடு காலாவதியாகும். வருடக் கடைசியில், "கெதியா முடியுங்கோ" என்று உத்தியோகத்தர்கள் அவசரப்படுத்துவதன் காரணம் இதுதான். ஆனால் வடக்குக் கிழக்கில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. அத்திவாரக் குழி தண்ணீரில் நிற்கும். மணல் லோட் வராது. கல் அரிவது தடைப்படும். மேசன்மாரும் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே தெரிவுப் பட்டியலில் உங்கள் பெயர் வந்தவுடன் முதல் வேலை, மழைக்கு முன் எந்தக் கட்டம்வரை போகலாம் என்று திட்டமிடுவது. கூரை வேலையை மாரிக்கு முன் முடிக்க முடியாவிட்டால், சுவர் உயர்த்துவதையும் யோசித்துச் செய்யுங்கள்.

செலவைக் குறைக்க ஒன்றாகச் சேருவதும் உதவும். ஐந்து, ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் கல்லும் மணலும் எடுத்தால் ஏற்றுக்கூலி குறையும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கேட்டால் மணல் அனுமதி பெறுவதும் இலகுவாகும். பழைய வீட்டின் கல், கதவு நிலை, ஓடு ஆகியவற்றுள் பாவிக்கக்கூடியவற்றை எடுத்துவையுங்கள். பனை மரம் தறிப்பதற்கு அனுமதி தேவை என்பதையும் மறக்கவேண்டாம்.

5. நன்கொடையா, கடனா?

'வீட்டுத்திட்டம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு உதவிகளை அழைக்கிறோம். ஒன்று திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத நன்கொடை. மற்றது, குறைந்த வட்டியிலாயினும் தவணைமுறையில் திருப்பிச் செலுத்த வேண்டிய வீடமைப்புக் கடன். படிவத்தில் கையொப்பம் வைக்க முன் இது எது என்பதைக் கேட்டு அறியுங்கள். படிவம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் தரும்படி கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி. அது உங்கள் உரிமை.

நன்கொடை போதாமல் போகும்போது குடும்பங்கள் முதலில் நகையை அடகு வைக்கின்றன. பிறகு சீட்டு. அதன்பின் வீட்டு வாசலுக்கே வரும் நுண்கடன் நிறுவனங்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது என்று போகும் நிலை வடக்கிலும் கிழக்கிலும் பல பெண்களுக்கு ஏற்பட்டது. நிலைமை எவ்வளவு மோசமானது என்றால், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காகக் கடன் எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எடுக்க வேண்டி வந்தால், கூரையையும் மலசலகூடத்தையும் முடிப்பதற்கு எடுங்கள். முகப்புத் தூணுக்கும் மாபிளுக்கும் எடுக்காதீர்கள். ஒரு கடன் முடியும்வரை இன்னொன்றுக்குக் கையொப்பம் வைக்காதீர்கள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து, கம்பி, ஓடு எல்லாவற்றின் விலையும் பெருமளவு ஏறியது. பாதியில் நின்ற வீடுகள் பல அந்த விலையேற்றத்தில் மாட்டிக்கொண்டன. அது அந்தக் குடும்பங்களின் பிழையல்ல. உங்கள் வீடும் அப்படி நின்றிருந்தால், எந்தத் திட்டம், எந்த வருடம், இதுவரை எவ்வளவு பணம் கிடைத்தது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற நான்கு விபரங்களையும் எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியைப் பெற்றுக்கொள்ளுங்கள். முடிவுறாத வீடுகளுக்கு எப்போதாவது நிதி வந்தால், பதிவில் உள்ளவர்களைத்தான் முதலில் தேடுவார்கள்.

6. யாருக்குக் கிடைக்கும்? காணிப் பத்திரம் என்ன செய்யும்?

தெரிவு பெரும்பாலும் புள்ளி முறையில் நடக்கிறது. நிரந்தரமாக மீள்குடியேறியிருத்தல், வீடு அழிந்திருத்தல், வேறு வீட்டு உதவி பெறாதிருத்தல், காணி உரித்து ஆகியவை அடிப்படைத் தகுதிகள். பெண் தலைமைக் குடும்பம், மாற்றுத்திறனாளிகள், முதியோர், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை வழங்கப்படுவது வழக்கம். அங்கத்தவர் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுக்கப்படும் இடத்தில், தனித்து வாழும் முதியவரும், ஒரு பிள்ளையுடன் இருக்கும் தாயும் பின்தள்ளப்படலாம். அப்படி நடந்தால் முறையிட இடமுண்டு. பெயர்ப்பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டி ஆட்சேபனை கேட்பது அதற்காகத்தான். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும் நாட்களைத் தவறவிடாதீர்கள்.

காணிப் பத்திரம் இல்லாமை பலரைத் தடுத்து நிறுத்தும் கதவாக இருக்கிறது. நிலைமைக்கேற்ப வழிகள் உள்ளன.

உறுதிக் காணி: உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பதிவின் பிரதியைப் பெறலாம். பிரிக்கப்படாத முதுசக் காணியென்றால், பங்காளிகள் எல்லோரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் தேவைப்படும். வெளிநாட்டில் உள்ள உறவினர்களுடன் இதை முன்கூட்டியே பேசுங்கள்.

அரச காணி: அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தாலோ, பெயர் மாற்றப்படாதிருந்தாலோ பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போகவேண்டும். அனுமதிப்பத்திரக் காணியைக் கைக்கடிதத்துக்கு வாங்கியவர்களும், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் பல தசாப்தங்களாகக் குடியிருந்தும் பத்திரம் பெறாதவர்களும் இந்தப் பிரச்சினையை அதிகம் எதிர்கொள்கிறார்கள். காணிக் கச்சேரி நடைபெறும்போது, எப்போதிருந்து அக்காணியில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும் எதையும் கொண்டுபோங்கள். வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, பழைய நிவாரண அட்டை எல்லாம் உதவும்.

கணவர் காணாமற்போன குடும்பம்: மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் பலர் உள்ளனர். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதைக் கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், காணி அலுவல்களையும் கவனிக்கலாம். தேடுவதை நிறுத்திவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை.

பெண்களின் உரித்து: காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது ஆண் பிள்ளைக்கு முன்னிடம் கொடுக்கும் ஒழுங்கு நீண்டகாலம் இருந்தது. 2022இல் அது திருத்தப்பட்டு ஆண், பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. இருந்தும் பின்னுரித்தாளரை உரிய முறையில் நியமித்துப் பதிந்து வைப்பதே நல்லது. பிள்ளைகளிடையே பிற்காலத்தில் வரக்கூடிய வழக்கை அது தவிர்க்கும்.

7. கேட்கத் தெரிந்திருத்தல்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வீட்டுத்திட்ட விடயத்தில் மிகவும் பயனுள்ளது. உங்கள் பிரிவில் இவ்வருடம் எத்தனை வீடுகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது, எந்தப் புள்ளி முறையில் தெரிவு நடந்தது, உங்கள் விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்பவற்றைப் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்படவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கேட்பது சண்டை பிடிப்பது அல்ல. உத்தியோகத்தர்களில் பலர் தங்கள் கைக்கு வந்த ஒதுக்கீட்டைவிட மிக நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். கேள்வி எழுத்தில் வரும்போது, 'இந்தப் பிரிவில் தேவை இவ்வளவு' என்று மேலிடத்துக்குக் காட்ட அவர்களுக்கும் அது ஆதாரமாகும். அடுத்த வருட ஒதுக்கீடு தீர்மானிக்கப்படுவது அப்படிப்பட்ட எண்ணிக்கைகளை வைத்துத்தான். பதியப்படாத தேவை அரசின் கணக்கில் இல்லாத தேவை.

கையொப்பமிடுமுன் கேட்கவேண்டியவை

இது நன்கொடையா, கடனா? கடனென்றால் மாதத் தவணை எவ்வளவு, எத்தனை வருடம்?
மொத்தத் தொகை எவ்வளவு? எத்தனை கட்டங்களில், எந்த வேலை முடிந்த பின் வரும்?
குறைந்தபட்ச அளவு என்ன? அதைவிடப் பெரிதாகக் கட்டினால் கட்டப் பணம் தடைப்படுமா?
மலசலகூடம், கிணறு, மின் இணைப்பு இத்தொகைக்குள் அடங்குமா?
விலை ஏறினாலோ, நிதி நின்றுபோனாலோ யார் பொறுப்பு? யாரிடம் முறையிடுவது?
ஒப்பந்தம் யார் பெயரில்? கணவன், மனைவி இருவரின் பெயரும் வருமா?

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் கிராமத்தில் முடிந்த வீடு ஒன்றையும் பாதியில் நிற்கும் வீடு ஒன்றையும் மனதில் எடுங்கள். அத்திவாரம் வெட்டும்போது அந்த இரு குடும்பங்களும் எடுத்த தீர்மானங்களில் என்ன வேறுபாடு இருந்தது? வீட்டுக்காரரைக் குறை சொல்லாமல் பேசுங்கள்.

2. உங்கள் குடும்பத்தின் மாத வருமானத்தில் சாப்பாடு, பாடசாலை, மருந்துச் செலவு போக எவ்வளவு மிஞ்சும்? அந்தத் தொகையை மீறாத கடன் எவ்வளவு?

3. உங்கள் பிரிவில் வீட்டுத்திட்டப் பதிவில் இல்லாத குடும்பங்கள் எவை? தனியாக இருக்கும் முதியவர்கள், காணிப் பத்திரம் இல்லாதவர்கள், புதிதாகத் திரும்பியவர்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். அவர்களைக் கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துச்செல்லும் பொறுப்பை உங்களுள் யார் எடுப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரை எழுதாமல் கூட்டத்தை முடிக்கவேண்டாம்.